சம்பளம் இல்லை, அனுமதி உண்டு: வெளிநாட்டில் நெடுங்காலத் தொண்டும் விசாச் சட்டமும்

வெளிநாட்டில் ஆறு மாதமோ ஓராண்டோ தங்கிச் சம்பளம் வாங்காமல் தொண்டு செய்ய விரும்புபவரைக் குடிவரவுச் சட்டம் சுற்றுலாப் பயணியாக ஏற்பதில்லை. ஊழியராகவும் முழுமையாக ஏற்பதில்லை. பெரும்பாலான நாடுகளின் விசா வகைகள் பார்க்க வருபவர், படிக்க வருபவர், சம்பாதிக்க வருபவர், குடும்பத்தோடு சேர வருபவர் என்ற நால்வரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. தொண்டர் இந்த நால்வரில் எவருமல்லர். அவரை எந்த வகையில் சேர்ப்பது என்பதற்கு ஒவ்வொரு நாடும் தன் போக்கில் விடை கண்டிருக்கிறது. பிரிட்டன், ஜெர்மனி, பிலிப்பைன்ஸ் போன்றவை தொண்டுக்கென்று சட்டத்தில் தனி இடம் ஒதுக்கியுள்ளன. இந்தியா வேலை விசாவிலேயே ஒரு மேற்குறிப்பு எழுதி அனுமதிக்கிறது. நேபாளம் போன்ற நாடுகளில் சுற்றுலா விசாவில் வந்து தொண்டு செய்வது பரவலான வழக்கம். ஆனால் சட்டம் அதை ஏற்கவில்லை.

சம்பளம் வாங்காவிட்டால் அது வேலையாகாது, ஆகவே அனுமதி தேவையில்லை என்ற எண்ணத்திலிருந்துதான் சிக்கல்களில் பெரும்பகுதி தொடங்குகிறது. தாய்லாந்தின் 2008ஆம் ஆண்டு அயலவர் வேலைச் சட்டம், உடலுழைப்பையோ அறிவையோ செலுத்திச் செய்யும் எதுவும், கூலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வேலைதான் என்று வரையறுத்தது. பின்னர் 2017இலும் 2018இலும் சட்டத்தின் வாசகம் மாறியது. ஆனாலும் கிராமப் பள்ளியில் பாடம் சொல்லித்தரும் வெளிநாட்டுத் தொண்டர், குடியேற்ற நோக்கமற்ற ‘ஓ’ வகை விசாவோடு வேலை அனுமதியும் பெறவேண்டும் என்ற நடைமுறை நீடிக்கிறது.

நியூசிலாந்தின் 2009 குடிவரவுச் சட்டம் வேறு வழியில் போகிறது. அங்கே ஆதாயத்துக்காகவோ கைம்மாறுக்காகவோ செய்யப்படுவதே வேலை. தொண்டருக்கு இது சாதகம்போலத் தோன்றும். ஆனால் இலவசத் தங்குமிடமும் சாப்பாடும் கைம்மாறாகவே கணக்கிடப்படுகின்றன. 1971இல் இங்கிலாந்தில் தொடங்கி உலகமெங்கும் பரவிய ‘வூஃப்’ என்னும் இயற்கைப் பண்ணைத் தொண்டு முறையில், நாளுக்குச் சில மணி நேர உழைப்புக்கு ஈடாக அறையும் உணவும் கிடைக்கும். கையில் ஒரு காசும் வாங்காத அந்தத் தொண்டரும் நியூசிலாந்துச் சட்டப்படி வேலை செய்தவரே. வேலை செய்யும் உரிமை தரும் விசா இல்லாமல் அவர் அங்கே களை பறிக்க முடியாது.

பிரிட்டன் பார்ப்பது தொண்டருக்கும் அமைப்புக்கும் உள்ள உறவின் தன்மையை. வாரத்தில் விரும்பிய நாளில் வந்து உதவிவிட்டுப் போகிறவர், ஒப்பந்தம் இல்லாதவர், ஓர் ஊழியரின் இடத்தை நிரப்பாதவர், பயணச் செலவையும் உணவுச் செலவையும் மட்டும் திரும்பப் பெறுபவர் ஒரு வகை. நேரம், கடமை, பொறுப்பு எல்லாம் எழுத்தில் வரையறுக்கப்பட்டு, பணம் மட்டும் பெறாமல் உழைப்பவர் இன்னொரு வகை. இவர் சட்டப்படி ஊழியருக்கு நெருக்கமானவர். இந்தப் பிரிவினைக்கு நடைமுறையில் கனமான விளைவுகள் உண்டு. பிரிட்டனில் தஞ்சம் கோரி முடிவுக்குக் காத்திருக்கும் இலங்கைத் தமிழர் ஒருவர் அறக்கட்டளை ஒன்றின் உணவு வங்கியில் உதவலாம். அதே நபர் கடை ஒன்றில் சம்பளமில்லாமல் உழைக்க முடியாது. மாணவர் விசாவில் இருப்பவருக்கும் இதே கணக்குத்தான்: முதல் வகைத் தொண்டுக்கு மணிக்கணக்கு இல்லை, இரண்டாம் வகை, வாரத்துக்கு அனுமதிக்கப்பட்ட வேலை நேரத்துக்குள் அடங்கவேண்டும்.

நல்லெண்ணத்தோடு வருபவரிடம் இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்கத் தோன்றும். உள்ளூர்க்காரர் ஒருவருக்குக் கூலி கொடுத்துச் செய்யவேண்டிய வேலையை இலவச உழைப்பு விழுங்கிவிடக்கூடாது என்பது முதல் காரணம். தொண்டரே சுரண்டப்படுவது அடுத்தது. ஆஸ்திரேலியாவில் விடுமுறை வேலை விசாவில் இருக்கும் இளைஞர்களில் பெரும்பாலோர் இரண்டாம் ஆண்டு விசா பெற, ஊர்ப்புறத்தில் பண்ணை வேலை போன்ற குறிப்பிட்ட வேலைகளைச் செய்திருக்கவேண்டும். ஒரு காலத்தில் சம்பளமில்லாப் பண்ணைத் தொண்டும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. விசா ஆசையைக் காட்டிச் சிலர் இளைஞர்களை ஓசியில் உழைக்க வைத்த புகார்கள் பெருகியபின், 2015 டிசம்பர் முதல் சம்பளச் சீட்டுள்ள பண்ணை வேலை மட்டுமே ஏற்கப்படுகிறது.

மூன்றாம் காரணம் குழந்தைகளின் பாதுகாப்பு. மூன்றிலும் கனமானது இதுவே. நேபாளத்திலும் கம்போடியாவிலும் வெளிநாட்டுத் தொண்டர்களின் வருகையையும் நன்கொடையையும் நம்பி அநாதை இல்லங்கள் பெருகின. அவற்றில் இருந்த பிள்ளைகளில் மிகப் பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தது பின்னர் தெரியவந்தது. வறுமைப்பட்ட குடும்பங்களிலிருந்து படிப்பு ஆசை காட்டி அவர்கள் கூட்டிவரப்பட்டிருந்தார்கள். 2018இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்த ஆஸ்திரேலியா, அதற்கு முன் நடந்த நாடாளுமன்ற விசாரணையில் அநாதை இல்லக் கடத்தலையும் ஆராய்ந்தது. சுற்றுலா விசாவில் வருபவரின் பின்னணியை எந்தக் காவல்துறையும் சரிபார்ப்பதில்லை. தொண்டர் விசாவில் கேட்கப்படும் காவல்துறை நற்சான்றும், அழைக்கும் அமைப்பின் பதிவும் வெறும் காகிதச் சுமை அல்ல. ஒரு குழந்தையின் அறைக்குள் யார் நுழைகிறார் என்பதை யாரோ ஒருவர் பார்த்திருக்கிறார் என்பதற்கான ஒரே அத்தாட்சி பல இடங்களில் அதுதான்.

பிரிட்டனின் அறப்பணியாளர் விசா

பிரிட்டனுக்குப் பார்வையாளராகச் செல்பவர் பதிவுபெற்ற அறக்கட்டளை ஒன்றில் மொத்தம் 30 நாள் வரை தொண்டு செய்யலாம். அதுவும் அவர் வந்த முதன்மை நோக்கமாக இருக்கக்கூடாது. அதற்கு மேல் என்றால் அறப்பணியாளருக்கான தற்காலிக வேலை விசா. 2008இல் வந்த புள்ளி அடிப்படையிலான முறையில் இது ஐந்தாம் அடுக்கில் இருந்தது; 2021 அக்டோபரில் தற்போதைய பெயர் பெற்றது.

இந்த விசாவின் அச்சாணி, அழைக்கும் அறக்கட்டளை. உள்துறை அமைச்சகத்திடம் அது ஸ்பான்சர் உரிமம் பெற்றிருக்கவேண்டும். தொண்டரின் பணி, இடம், காலம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு மின்வழிச் சான்று ஒன்றை அது வழங்கும். சான்று கிடைத்த மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். பணி, அறக்கட்டளையின் நோக்கத்தோடு நேரடியாகத் தொடர்புடைய களப்பணியாக இருக்கவேண்டும். கணக்கெழுதுவது, நிதி திரட்டுவது போன்ற அலுவலக வேலைகளுக்கு இந்த வகை வகுக்கப்படவில்லை. நிரந்தரப் பணியிடத்தை நிரப்பவும் கூடாது. கையில் எதைப் பெறலாம் என்பதை 1998ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு தீர்மானிக்கிறது. அறக்கட்டளையில் தன்னார்வமாக உழைப்பவருக்கு உண்மையான செலவுகளையும் தேவையான தங்குமிடம், உணவு ஆகியவற்றையும் தரலாம். அதைத் தாண்டினால் குறைந்தபட்சக் கூலி கேட்கும் உரிமை அவருக்கு வந்துவிடும்.

செலவுதான் பலரைத் தடுக்கிறது. 2025 ஏப்ரல் நிலவரப்படி விண்ணப்பக் கட்டணம் 319 பவுண்டு. பொதுச் சுகாதாரச் சேவையைப் பயன்படுத்த ஆண்டுக்கு 1,035 பவுண்டு தனி. இவை தவிர, வங்கிக் கணக்கில் 1,270 பவுண்டு தொடர்ந்து 28 நாள் இருந்ததைக் காட்டவேண்டும். முதல் மாதச் செலவை ஏற்பதாக ஸ்பான்சர் சான்றில் உறுதியளித்தால் இது தேவையில்லை. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆறு மாதத்துக்கு மேல் செல்பவர் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் இணைக்கவேண்டும். ஓராண்டு முழுக்க இலவசமாக உழைக்கப்போகிறவர் அதற்கு முன்பே ஒன்றரை லட்ச ரூபாய்க்குக் குறையாமல் கட்டணம் செலுத்துகிறார் என்பது கடிந்துகொள்ளத்தக்கது. சுகாதாரக் கட்டணத்தையாவது தொண்டர்களுக்குத் தள்ளுபடி செய்வதில் அரசுக்கு இழப்பு மிகச் சிறியதாகவே இருக்கும்.

அதிகபட்சக் காலம் 12 மாதம். அதற்கு மேல் நீட்டிப்பு கிடையாது. இந்த வகையில் ஒருமுறை இருந்தவர் மீண்டும் இதே வகையில் விண்ணப்பிக்க ஓராண்டு இடைவெளி விடவேண்டும். ஸ்பான்சரின் உரிமம் பறிக்கப்பட்டாலோ தொண்டர் பணியை விட்டாலோ, அவருடைய விசாக் காலம் பொதுவாக 60 நாளாகச் சுருக்கப்படும். தவறு அமைப்பினுடையதாக இருந்தாலும் கிளம்பவேண்டியவர் தொண்டரே. ஆகவே அழைப்புக் கடிதத்தை நம்புமுன், அமைச்சகம் வெளியிடும் உரிமம் பெற்றோர் பட்டியலில் அந்த அறக்கட்டளையின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது முதல் வேலை.

ஜெர்மனியின் தன்னார்வ ஆண்டு

தொண்டுக்கெனச் சட்டமே இயற்றிய நாடுகளில் ஜெர்மனி முன்னோடி. தன்னார்வச் சமூக ஆண்டு 1964இலேயே சட்டமாயிற்று. சூழல் காப்புக்கான ஆண்டு 1993இல் சேர்ந்தது. 2011இல் கட்டாய இராணுவ சேவை நிறுத்தப்பட்டபோது, துப்பாக்கி ஏந்த மறுத்த இளைஞர்கள் அதற்கு மாற்றாக மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் செய்துவந்த குடிமைச் சேவையும் நின்றுபோனது. அந்த இடைவெளியை நிரப்ப அதே ஆண்டு ஜூலை 1 முதல் கூட்டாட்சித் தன்னார்வச் சேவை தொடங்கியது. சமூக ஆண்டில் 27 வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டுமே சேரலாம். கூட்டாட்சிச் சேவைக்கு வயது உச்சவரம்பு இல்லை. இரண்டும் வழக்கமாக 12 மாதம். குறைந்தது 6, பொதுவாக 18 வரை.

வெளிநாட்டவருக்கு இதன் கதவைத் திறப்பது ஒரு சிறு விதி. சட்டப்படி ஒழுங்கமைக்கப்பட்ட தன்னார்வச் சேவையில் சேருபவருக்கு வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல் தேவையில்லை என்று வேலைவாய்ப்பு ஒழுங்குமுறையின் 14ஆம் பிரிவு சொல்கிறது. சாதாரண வேலை விசாவில், அந்த வேலையின் நிபந்தனைகள் உள்ளூர்க்காரருக்குத் தரப்படுவதோடு ஒப்பிடத்தக்கவையா என்று அந்த முகமை ஆராயும். தன்னார்வச் சேவை தொழிலாளர் சந்தையைப் பாதிக்காத வகையில் அமையவேண்டும் என்பதைச் சேவைச் சட்டமே கட்டாயமாக்கிவிட்டதால், இங்கே அந்தச் சோதனை தேவையற்றதாகிறது. தொண்டரின் உழைப்பால் ஒரு செவிலியருடைய வேலை பறிபோகக்கூடாது என்பதைக் கவனிக்கும் பொறுப்பு விசா அலுவலரிடமிருந்து சேவையை நடத்தும் அமைப்புக்கு மாறுகிறது. சரியான இடம் அதுதான்.

தொண்டருக்குக் கைச்செலவுப் பணம் உண்டு. 2024இல் செய்த திருத்தம் அதன் உச்சவரம்பை, ஓய்வூதியக் காப்பீட்டுச் சந்தா கணக்கிடும் மாத வருமான வரம்பில் 8 விழுக்காடாக உயர்த்தியது. 2025இல் இது 644 யூரோ. பல இடங்களில் கிடைப்பது இதைவிடக் குறைவு. தங்குமிடமும் உணவும் பல நிலையங்கள் தருகின்றன. மருத்துவம், முதுமைப் பராமரிப்பு, ஓய்வூதியம், வேலையிழப்பு, விபத்து ஆகிய காப்பீடுகளின் சந்தா முழுவதையும் சேவை நடத்துவோரே செலுத்தவேண்டும். ஓராண்டுச் சேவையில் 25 நாள் பயிற்சி வகுப்பு உண்டு. சம்பளமில்லா உழைப்புக்கு உலகில் இவ்வளவு முழுமையான சட்டக் காப்பு தரும் ஏற்பாடு மிக அரிது.

தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் இளைஞர்கள் இந்தச் சேவைக்கு விண்ணப்பிப்பது அண்மைக் காலத்தில் கூடியிருக்கிறது. இடைத்தரகர்களும் கூடவே வந்துவிட்டார்கள். ‘ஜெர்மனியில் சம்பளத்துடன் வேலை’ என்று இதை விற்பவர்கள் விண்ணப்பதாரருக்கு இரட்டைக் கெடுதல் செய்கிறார்கள். பணம் போவது ஒன்று. நேர்காணலில் தொண்டு நோக்கத்தைச் சொல்லவேண்டிய இடத்தில் வருமானத்தைப் பேசி விசாவை இழப்பது மற்றொன்று. சட்டத்தில் இடைத்தரகருக்கு இடமே இல்லை. கூட்டாட்சிச் சேவையில் ஒப்பந்தம் தொண்டருக்கும் ஜெர்மன் அரசுக்கும் இடையிலானது. சமூக ஆண்டில் சேவையை ஒருங்கிணைக்கும் அமைப்பு ஒப்பந்தம் செய்கிறது. பணியிடம் பெரும்பாலும் மூன்றாம் தரப்பாகக் கையெழுத்திடுகிறது. அந்தக் கையெழுத்துள்ள ஒப்பந்தமே விசாவுக்கு அடிப்படை. அடுத்து மொழி. முதியோர் இல்லத்தில் பாட்டியிடம் வலி எங்கே என்று கேட்கவும் பதிலைப் புரிந்துகொள்ளவும் முடியாதவர் எதற்காகச் செல்கிறார் என்று தூதரகம் ஐயப்படுவது இயல்பு.

இந்தியாவுக்கு வரும் தொண்டர்

இந்திய மின்-சுற்றுலா விசாவில் வருபவர் எந்த வகைக் கைம்மாறும் பெறாமல் ஒரு மாதம் வரை குறுகிய காலத் தொண்டு செய்யலாம். நெடுங்காலம் என்றால் வேலை விசா. அதற்கு வழக்கமாக ஆண்டுச் சம்பளம் 16 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய்க்கு மேல் இருக்கவேண்டும்; இந்தியர் செய்யக்கூடிய வேலையை வெளிநாட்டவருக்குத் தரக்கூடாது என்பதற்காக வைத்த வரம்பு அது. பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில் மதிப்புறு பணியாற்ற வருபவருக்கு, நிறுவனத்தின் பெயரைக் குறித்து ‘தொண்டு நிறுவனத்தில் பணியாற்ற’ என்ற மேற்குறிப்போடு வேலை விசா வழங்கப்படுகிறது. அந்தப் பெயருக்கு வெளியே அவர் வேறெங்கும் பணிசெய்ய முடியாது. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ளவேண்டும். 2018 முதல் இதை இணையவழியிலேயே செய்யலாம். 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம் உள்ளிட்ட நான்கு பழைய சட்டங்களுக்குப் பதிலாக, குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இந்தப் பொது வழிக்கு வெளியே சில அமைப்புகளுக்குத் தனி ஏற்பாடு உண்டு. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமம், கொல்கத்தாவின் பிறர் அன்பின் பணியாளர் சபை, ஆரோவில் ஆகியவற்றுக்கு வருபவர்கள் ‘எக்ஸ்’ என்னும் நுழைவு விசா பெறலாம். 1968 பிப்ரவரி 28 அன்று, அன்னை எனப்படும் மிரா அல்ஃபாசாவின் முயற்சியால் ஆரோவில் தொடங்கப்பட்டது. இன்று ஏறத்தாழ 60 நாட்டவர், மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே வாழ்கிறார்கள். விழுப்புரம் மாவட்டத்தின் வறண்ட செம்மண் மேட்டில் காடு வளர்ந்ததில் வெளிநாட்டிலிருந்து வந்து ஆண்டுக்கணக்கில் தங்கியவர்களின் உழைப்பு பெரிது. அவர்களில் பெரும்பாலோரின் விசா, 1988ஆம் ஆண்டு ஆரோவில் அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் அறக்கட்டளையின் பரிந்துரைக் கடிதத்தைச் சார்ந்தது. முப்பது ஆண்டு மரம் நட்டவரும் விசாவைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கடிதத்துக்குக் காத்திருக்கவேண்டும். பரிந்துரைக்கும் அதிகாரம் ஒரே அலுவலகத்தில் குவிந்திருக்கையில், அமைப்புக்குள் கருத்து வேறுபாடு முற்றினால் அந்தக் கடிதமே ஆயுதமாகிவிட இடமிருக்கிறது. மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் தருவதும், மேல்முறையீட்டுக்கு வழி வைப்பதும் இங்கே அவசியம்.

மற்ற வழிகள்

அமெரிக்காவில் தொண்டருக்கெனத் தனி விசா இல்லை. வணிகப் பார்வையாளருக்கான ‘பி-1’ விசாவுக்குள் ஓர் உட்பிரிவு இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற சமய அல்லது அறநிறுவனம் நடத்தும் தன்னார்வச் சேவைத் திட்டத்தில் சேருபவர், அமெரிக்காவிலிருந்து சம்பளம் பெறாமல், செலவுத் தொகை மட்டும் பெற்றுப் பணியாற்றலாம். பொருள் விற்பதும் நன்கொடை திரட்டுவதும் கூடாது. பிலிப்பைன்ஸில் தேசியத் தன்னார்வச் சேவை ஒருங்கிணைப்பு முகமை என்ற அரசு அமைப்பே வெளிநாட்டுத் தொண்டர்களை ஏற்று, 1940ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி விசாவுக்குப் பரிந்துரைக்கிறது. உள்ளூர் அமைப்புக்கு உண்மையிலேயே தொண்டர் தேவையா என்பதை விசாவுக்கு முன்பே ஓர் அலுவலகம் கேட்டறிவது இந்த முறையின் சிறப்பு.

அரசுகளுக்கிடையே உடன்பாடு இருக்கும் இடத்தில் தனிமனிதர் விசாவுக்கு அலையவேண்டியதில்லை. 1961இல் தொடங்கிய அமெரிக்க அமைதிப் படை அந்த ஆண்டிலிருந்து 1976 வரை இந்தியாவில் பணியாற்றியது அப்படித்தான். ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் திட்டத்தை 1970இல் பொதுச் சபை உருவாக்கியது. இதன் தலைமையகம் இப்போது ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. இதில் தேர்வாகும் பன்னாட்டுத் தன்னார்வலருக்குப் பணியமர்த்தும் ஐ.நா. அமைப்பே விசாவுக்கு வழிசெய்கிறது. வாழ்க்கைச் செலவுத் தொகையும் காப்பீடும் கிடைக்கின்றன. தொழில் அனுபவம் உள்ள இந்தியருக்கும் இலங்கையருக்கும் மிகக் குறைந்த தடைகளுள்ள வழி இதுவே; ஆனால் போட்டி கடுமை.

ஜெர்மன் அரசு 2008இல் தொடங்கிய ‘வெல்ட்வேர்ட்ஸ்’ திட்டம் ஜெர்மன் இளைஞர்களைத் தெற்கு நாடுகள் எனப்படும் வளரும் நாடுகளுக்கு அனுப்பியது. எதிர்த் திசையில் தெற்கிலிருந்து தொண்டர்களை வரவழைக்கும் பகுதி ஐந்தாண்டு கழித்தே சேர்ந்தது. ஐரோப்பியர் தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு வந்தால் தொண்டர் என்றும், தமிழ்நாட்டுக் கிராமத்தவர் ஐரோப்பாவுக்குச் சென்றால் குடியேற வருபவர் என்றும் ஐயுறும் பழைய மனநிலை விசா அலுவலகங்களில் இன்னும் மறையவில்லை. தெற்கு நாட்டு விண்ணப்பதாரர் தம் படிப்பு, குடும்பம், திரும்பி வந்தபின் செய்யப்போகும் பணி ஆகியவற்றை எழுத்தில் தெளிவாக விளக்கவேண்டியிருப்பது இதனால்தான்.

ஆவணங்களைத் திரட்டுவதற்குக் காலம் பிடிக்கும். இந்தியர் காவல்துறை நற்சான்றைப் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகப் பெறவேண்டும். படிப்புச் சான்றுகளை மாநில அரசு சரிபார்த்தபின் வெளியுறவு அமைச்சகம் ‘அப்போஸ்டில்’ முத்திரையிடும். இந்த முத்திரைக்கான ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. ஆகவே ஜெர்மனிக்கு அந்த முத்திரை செல்லாது. ஜெர்மன் தூதரகங்கள் தங்கள் சொந்த முறையில் ஆவணங்களைச் சரிபார்க்கின்றன. இது தெரியாமல் முத்திரைக்குச் செலவழிப்போர் பலர். நியாயமான கணக்கு, பணி தொடங்கும் நாளுக்கு ஆறு மாதம் முன்பே வேலையைத் தொடங்குவது.

காலம் முடிந்தபின் என்ன ஆகும் என்பதும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஜெர்மனியில் சேவையை முடித்தவர், பயிற்சி இடமும் மொழித் தேர்ச்சியும் இருந்தால், செவிலியர் பயிற்சி போன்ற தொழிற்பயிற்சிக்கான வசிப்பு அனுமதிக்கு அங்கிருந்தபடியே விண்ணப்பிக்கலாம். பிரிட்டனில் அறப்பணியாளர் விசாவில் கழித்த காலம் அந்த வகையிலேயே நிரந்தர வசிப்புரிமைக்கு இட்டுச்செல்வதில்லை. இந்தியாவில் தொண்டு நிறுவனத்தின் பெயரோடு தரப்பட்ட விசாவை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வது பொதுவாக இயலாது. இன்னோர் அமைப்பில் தொண்டு செய்ய விரும்புபவர் தம் நாட்டுக்குத் திரும்பி, புதிய அழைப்புக் கடிதத்தோடு முதலிலிருந்து விண்ணப்பிக்கவேண்டும்.